தூரமுங்களா?

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவரை "எங்கே போறீங்க?" என்று கேட்பது தப்பு. போகிற காரியம் விளங்காது என்பார்கள். "தூரமுங்களா?" என்றுதான் கேட்க வேண்டும். கிளம்புகிறவர் "இல்லீங், பக்கந்தானுங்" என்றால் போதும். அது அடுத்த தோட்டமாகவும் இருக்கலாம், பழனியாகவும் இருக்கலாம்.

நான் மாலத்தீவுக்குக் கிளம்பிய அன்று ஆனைமலைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டு வாசலில் கார் நின்றது. பெட்டியெல்லாம் ஏற்றியாயிற்று. பால் ஊற்றிவிட்டு அந்த வழியாக வந்த பெரியம்மா ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "தூரமா அம்மணி?" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொச்சியிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து கொச்சி விமான நிலையம் போய்ச்சேரவே அதைவிட அதிக நேரம் ஆகும். கடிகாரத்திலும் அரை மணிதான் வித்தியாசம். "பக்கந்தானுங் பெரியம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

போய்ச்சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் நடக்கப் போனால் எதிரில் வருகிற ஒவ்வொருவரும் "கொன் தாகஹ்?" என்றார்கள். என்னவென்று விசாரித்தால், "எங்கே போறீங்க?" எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் பழகிவிட்டது. அந்தத் தீவு ஒரு கிலோமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். கடைக்குப் போகலாம், இல்லாவிட்டால் கடலுக்குப் போகலாம். மூன்றாவது பதில் கிடையாது.

நான் கணக்கு டீச்சர். இதற்கு முன் ஆறு வருடம் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இருந்தேன். அந்த வட்டாரத்துப் பள்ளிகளை ஊரே பிராய்லர் பள்ளி என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்குப் படிப்பு, ராத்திரி பத்து மணிக்கும் படிப்பு, பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடம். நானும் அதைச் செய்து சம்பளம் வாங்கியவள்தான், இங்கே யோக்கியம் பேச வரவில்லை. ஆனால் அந்தச் சம்பளம் போதவில்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் வெள்ளை ஈ வந்தது. பின்னாலேயே கேரள வாடல் நோய். எங்கள் தோட்டத்தில் அப்பா அறுபது மரம் வெட்டினார். வெட்டிய அன்று அவர் சோறு உண்ணவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் நான் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன்.

அந்த ஏஜெண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போய்ச்சேர்ந்த பிறகு கமிஷன் கொடுத்தால் போதும் என்றார், டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது இரண்டு பங்கு கேட்டார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் செய்தவர்மேல் முறையிட்டு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். அம்மா அந்த ஆளுக்காக அரைத்திருக்கிறாள். பலன் பற்றி இதுவரை தகவல் இல்லை.

சாமி படம், சிலை எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அங்கே வேற்று மதத்தார் வெளிப்படையாகக் கும்பிட முடியாது. கோயில் கிடையாது. அதனால் அமுச்சி, அதாவது என் பாட்டி, சாமிக்குப் பதிலாக அரப்பைக் கட்டிக்கொடுத்தாள். தீவுத் தண்ணியில் முடி கொட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கிலோ அரப்புத்தூள், பச்சைப் பசேலென்று, பிளாஸ்டிக் கவரில். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகர்ந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். நான் "ஷாம்பு, ஷாம்பு" என்கிறேன், நம்புகிற மாதிரி இல்லை. கடைசியில் குடிக்க வைத்திருந்த தண்ணீரை உள்ளங்கையில் விட்டு அரப்பைக் குழைத்துக் காட்டினேன். வழுவழுவென்று வந்ததும் அவருக்குச் சிரிப்பு. தலைநகரிலிருந்து ஹனிமாதூவுக்குச் சின்ன விமானம், அங்கிருந்து ஸ்பீட்போட். கையில் பச்சைக் கறையோடுதான் தீவில் இறங்கினேன்.

இந்த லீவுக்கு வந்தபோது வீட்டில் ஒறம்பரை நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு கேள்வி. மாமாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க போர் எத்தனை அடி?"

"போரே இல்லீங் மாமா. நாலடி தோண்டுனா தண்ணி."

மாமா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவர் தோட்டத்தில் கடைசியாகப் போட்ட போர் ஆயிரம் அடி தாண்டியது, வந்தது வெறும் புகை. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் நான்கு மண்டலத்துக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். நம் முறை வரும்வரை மரம் காய வேண்டியதுதான். அந்த மனிதரிடம் போய் நாலடியில் தண்ணீர் என்றால்?

"உப்பா?"

உப்பு இல்லை, அதுதான் ஆச்சரியம். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீர்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல், அவ்வளவுதான் சூட்சுமம். பால்மேல் ஆடை படிந்த மாதிரி என்று மாமாவுக்குச் சொன்னேன். மோட்டார் வைத்து இழுத்தால் ஆடை கிழிந்து உப்பு மேலே வந்துவிடும். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருப்பதால் அந்த நல்ல தண்ணீரையும் குடிக்க முடியாது. குளிக்க, துவைக்க மட்டும். முட்டை கெட்ட வாடை அடிக்கும். முதல் நாள் தலைக்குத் தண்ணி வாத்துக்கொண்டு வந்து, என் முடியை நானே முகர்ந்து பார்த்துவிட்டு அரப்புக் கவரை அவிழ்த்தேன். அமுச்சிக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

குடிக்க மழைத் தண்ணீர். வீட்டுக்கு வீடு பெரிய தொட்டி, கூரையிலிருந்து குழாய். நான் குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா முதல் மழையைப் பிடிக்க மாட்டாள், கூரை கழுவட்டும் என்று விட்டுவிடுவாள். இரண்டாவது மழையிலிருந்துதான் தொட்டி. தலைநகர் மாலேயில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கிக் குழாயில் விடுகிறார்கள். 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்து, ஊரே தண்ணீரில்லாமல் நின்றபோது இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது. சிறுவாணித் தண்ணிதான் உலகத்திலேயே இரண்டாவது ருசி என்று காலரைத் தூக்கிவிடுகிற கோயமுத்தூர்க்காரர்கள் ஒரு மாதம் அங்கே இருந்து பார்க்கலாம்.

மாமாவின் அடுத்த கேள்வி எனக்கு முன்பே தெரியும்: "ஏக்கர் என்ன வெலைக்குப் போகுது?" மனைகளை அரசாங்கமும் தீவுக் கவுன்சிலும் ஊர்க்காரர்களுக்கு ஒதுக்கித் தருகின்றன, அதுவும் சதுர அடிக் கணக்கில் என்றேன். அவருக்கு அந்த நாட்டின்மேல் இருந்த அக்கறை அத்தோடு போயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பம். வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஞாயிறு காலையில் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவதற்கு உடம்பு பழக மூன்று மாதம் ஆயிற்று. அவர்கள் மொழியும் மார்க்கப் பாடமும் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலத்தில்தான். பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று கோரஸாக வணக்கம் சொல்வதில்லை. கடைத்தெருவில் பார்த்தால் "ஹாய் மிஸ்" என்று சைக்கிளில் கையாட்டிவிட்டுப் போவார்கள். நாமக்கல்லில் நான் நடந்தால் வராந்தா அமைதியாகும். இங்கே அந்த அமைதி கிடைக்காமல் முதலில் எனக்கு மரியாதை குறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

முதல் வாரம் ஒரு பெண் கணக்கு நோட்டைக் கொடுத்தாள். திறந்தால் கடைசிப் பக்கம். திருப்பினால் அவளுக்கு அதுதான் முதல் பக்கம். திவெஹி மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள், அந்தப் பழக்கத்தில் கணக்கையும் பின்னாலிருந்து தொடங்கிவிட்டாள். திட்ட வாய் வரவில்லை. அன்று சாயங்காலமே அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். தானா என்று பெயர். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்து வந்தவை. அடுத்த ஒன்பது பழைய உள்ளூர் எண்களிலிருந்து. எண்ணிலிருந்து எழுத்து செய்துகொண்டவர்கள்! கணக்கு டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்றும் இருக்கிறது. நாட்டின் தீவுக்கூட்டங்களுக்கு வடக்கிலிருந்து தெற்காக அந்த அகரவரிசைப்படியே பெயர் வைத்திருக்கிறார்கள்: ஹா (அலிஃபு, தாலு என்று இரண்டு), ஷாவியானி, நூனு, ரா, பா என்று. எங்கள் தீவு ஹா தாலுவில் இருக்கிறது, மேலிருந்து இரண்டாவது. வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நாடு.

என் கெட்டிக்காரத்தனம் ஒன்பதாம் வகுப்பில் சரிவு நடத்தும்போது தீர்ந்துபோனது. பாடப்புத்தகத்தில் ஒரு மேடு, அதில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் போகிற படம். ஒரு பையன் கை தூக்கினான்.

"மிஸ், சைக்கிள் பஞ்சரா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதே சந்தேகம்தான். சைக்கிளை எதற்குத் தள்ள வேண்டும்? அந்த நாட்டில் இயற்கையாக அமைந்த மிக உயரமான மேடே சில அடிகள்தான். எங்கள் தீவில் அதுவும் இல்லை. மேடு என்றால் என்ன என்று நான் விளக்க ஆரம்பித்து, கையை மேலே மேலே கொண்டுபோனேன், எனக்கே அபத்தமாகப் பட்டது. ஆனைமலைக்காரி நான். காலையில் பல் விளக்கும்போதே எதிரில் மலை நிற்கும். மலையைச் சொல்லால் விளக்க வேண்டி வரும் என்று யார் நினைத்தது?

மறுநாள் ஸ்கேலும் கயிறும் எடுத்துக்கொண்டு அவர்களைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். சரக்கு ஏற்ற வண்டி இறங்குகிற சாய்தளம் ஒன்று இருக்கிறது. தீவின் இமயமலை. அளந்தோம். நாலு மீட்டர் போனால் அறுபது சென்டிமீட்டர் உயர்வு. 0.15 என்று ஒரு பெண் சுவரிலேயே சாக்பீஸால் எழுதினாள். அப்புறம் போனில் ஆழியாறிலிருந்து வால்பாறை போகிற சாலையைக் காட்டினேன், நாற்பது கொண்டை ஊசி வளைவு. பஸ் திரும்பும்போது பயல்கள் தங்கள் உடம்பையும் சாய்த்தார்கள்.

"மேலே என்ன மிஸ் இருக்கு?"

"டீ."

நம்பவில்லை. அத்தனை தூரம் ஏறிப்போனால் டீயா?

சாப்பாட்டைப் பற்றி அமுச்சிக்குத்தான் வெசனம். "வெறும் மீனையே உங்கறாங்களாமா கண்ணு?" ஏறக்குறைய அப்படித்தான். காலையில் மஸ்ஹுனி: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தது, ரொட்டியோடு. நம் ஊரில் அணைக்கட்டு ஜிலேபிக் கெண்டையைத் தவிர வேறு மீன் அறியாதவள் நான். ஒரு மாதத்தில் மஸ்ஹுனிக்கு அடிமை. தேங்காய் இருக்கிற எதையும் பொள்ளாச்சிக்காரி வெறுக்க முடியாது. முருங்கைக்கு அவர்கள் சொல்வது முரங்கா, இளநீருக்குச் சொல்வது குரும்பா. நமக்குக் குரும்பை என்றால் பிஞ்சு, அவர்களுக்குக் குடிக்கிற பருவம்.

காய்கறி போட்டில் வரும். போட் வருகிற நாள்தான் சந்தை நாள், மறுநாள் போனால் வதங்கின கோஸ்தான் மிச்சம். ஒரு நாள் கடையில் முட்டை அட்டையைத் தூக்கிப் பார்த்தேன், நாமக்கல். விடுதிப் பள்ளியில் ஆறு வருடம் வாரம் தவறாமல் பார்த்த முட்டை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1981-ல் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி, இங்கே ஏற்றுமதிக்குத் தடை போட்டாலும் மாலத்தீவுக்கு அரிசி, வெங்காயம், முட்டை என்று தனி ஒதுக்கீடு உண்டு. 2024-25-க்கான ஒதுக்கீட்டில் முட்டை மட்டும் எண்ணிக்கையில் 42 கோடிக்கு மேல். அதே பட்டியலில் ஆற்று மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். சுற்றிலும் மணல், ஆனால் வீடு கட்ட மணல் கப்பலில் வருகிறது. அதைச் சொன்னபோதுதான் மாமா மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு க்ரஷரில் பங்கு இருக்கிறது.

அரிசிம்பருப்பு செய்து வீட்டுக்கார அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். நெய் விட்டு, சூடாக. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு, மீன் போட மறந்துட்டியா?" என்று சைகையில் கேட்டாள்.

எல்லாம் சிரிப்பாகவே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் ருஃபியாவில் வருகிறது, ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும், டாலருக்குத் தட்டுப்பாடு. வங்கியில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு, அது அப்பாவின் கடனுக்குப் போதாத வரம்பு. வெளியே மாற்றினால் நஷ்டம். அப்புறம் அந்த ராத்திரிகள். தீவில் நாய் கிடையாது, மாடு கிடையாது. கட்டுத்தரையில் எருமை மூச்சு விடுகிற சத்தத்தில் தூங்கி வளர்ந்தவளுக்கு அலைச் சத்தம் லாரி ஓடுகிற மாதிரி இருந்தது. விடியும்வரை நிற்காத லாரி. ஜூன் மாதம் தென்மேற்கிலிருந்து காற்று திரும்பி, ஓட்டைப் பிய்க்கிற மாதிரி மழை கொட்டிய ஒரு ராத்திரி, அம்மாவுக்குப் போன் செய்து போனை ஜன்னல் பக்கம் நீட்டினேன். இதே காற்றுதான் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து நம் ஊருக்குச் சாரலாக வரும். "வரட்டும், சோளம் காயுது" என்றாள் அம்மா.

ஹா தாலுவின் தலைத்தீவு குளுதுஃபுஷி கயிற்றுக்குப் பேர்போனது. வீட்டுக்கார அக்காவுக்கு அதுதான் அம்மா ஊர். மட்டையைச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, எடுத்துத் தடியால் அடித்து, நாரை அலசிக் காயவைத்துத் திரிப்பார்கள். எங்கள் பொள்ளாச்சியில் கயிறு என்றால் மில். மட்டை லாரியில் வரும், மிஷின் பிரிக்கும், நார் ஒரு பக்கம், மஞ்சி ஒரு பக்கம். தென்னந்தோப்பில் பிறந்து முப்பது வயதாகிவிட்ட நான் ஒரு முழம் கயிறு கையால் திரித்ததில்லை. அக்கா இரண்டு பிரி நாரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து ஒரு தேய்ப்பு, விட்டதும் இரண்டும் தானாகச் சுற்றிக்கொள்ளும். முடிகிற இடத்தில் புது நாரை ஒட்டவைத்து மறுபடி தேய்ப்பு. ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்கே தெரியாது. என் கயிறு கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. அக்கா அதை எடுத்து ஓரமாக வைத்தாள், தூக்கி எறியவில்லை.

1343-ல் இப்னு பதூதா இந்தத் தீவுகளுக்கு வந்து காஜியாக, அதாவது நீதிபதியாக, வேலை பார்த்திருக்கிறார். வெளியூரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர், எங்களுக்கெல்லாம் மூத்தவர். தேங்காய் நாரை ஊறவைத்து அடித்துப் பெண்கள் கயிறு திரிப்பதையும், கப்பல் பலகைகளைத் தைக்க அந்தக் கயிறு இந்தியாவுக்கும் ஏமனுக்கும் போவதையும் எழுதிவைத்திருக்கிறார். பெண்களின் உடை விஷயத்தில் ஊரைத் திருத்தப் பார்த்து முடியாமல் போனதையும் எழுதியிருக்கிறார். நான் திவெஹிப் பிள்ளைகளை எழுந்து நின்று வணக்கம் சொல்லவைக்கப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் கயிற்றில்தான் ஜோலி பின்னுவார்கள். இப்போது பெரும்பாலும் நைலான், அக்கா வீட்டில் மட்டும் நார்க்கயிறு. இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, அதில் வலை மாதிரி கயிறு கட்டித் தொங்கவிட்ட இருக்கை. வரிசையாக மூன்று நான்கு இருக்கும். வாசலில், மரத்தடியில், கடலோரத்தில், எங்கே பார்த்தாலும் ஜோலி. சாயங்காலத் தொழுகை முடிந்ததும் ஊரே அதில் சாய்ந்துகொண்டு பேசும். நம் ஊரில் ஜோலி என்றால் வேலை. அங்கே வேலை இல்லாதபோது உட்காருவதற்குப் பெயர் ஜோலி.

இதை அப்பாவிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மறுநாள் ஆனைமலையில் வெல்டிங் பட்டறைக்குப் போய் ஒன்றரை இஞ்ச் குழாயில் சட்டம் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். கயிறு பொள்ளாச்சி மில் கயிறு. பின்னுவதற்கு என்னைக் கூப்பிட்டார். எனக்கு முடிச்சு நினைவில்லை. அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே அவள் அரைமணி பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் திவெஹியில் சொல்ல, நான் பாதி புரிந்து தமிழில் சொல்ல, அப்பா கொங்குத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டு கட்ட, இரண்டு மணி நேரத்தில் ஒரு இருக்கை தேறியது. கொஞ்சம் ஒருச்சாய்த்துத்தான் தொங்கியது.

மரம் வெட்டிய இடத்தில், மிச்சமிருந்த ஒரு தென்னை நிழலில் அதைப் போட்டார். அன்று சாயங்காலம் அப்பாரு, அதாவது தாத்தா, குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து சுற்றிப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடினார். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்.

"என்னுங் பெரியப்பா, இன்னைக்கு ஜோலி ஒண்ணும் இல்லீங்களா?"

"ஜோலிலதான்டா இருக்கறேன்" என்றார் அப்பாரு, கண்ணைத் திறக்காமல்.